ஆற்றுத் திருவிழாவுக்கு நிகழ்ச்சி நிரல் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்பெண்ணை ஆற்றுத் திருவிழாவை முறைப்படுத்துவதற்கு மாவட்ட அளவில் ஒரு குழு அமைக்க வேண்டும் என்றும், எந்த ஊர் சாமி எத்தனை மணிக்குத் தீர்த்தவாரி காண வேண்டும், எந்தக் கடை எங்கே இருக்க வேண்டும், மேடையில் என்னென்ன கலை நிகழ்ச்சிகள் நடக்க வேண்டும் என்பதையெல்லாம் அந்தக் குழுவே வகுத்து முன்கூட்டி அறிவிக்க வேண்டும் என்றும் வாசகர் ஒருவர் இப்பகுதியில் எழுதியிருந்தார். அவருடைய அக்கறையில் எனக்கு ஐயமில்லை. நெரிசலில் பிள்ளையைத் தவறவிட்டு, ஒலிபெருக்கி எங்கே இருக்கிறது என்று தேடி ஓடும் தாய்மார்களைக் கண்டவர் எவருக்கும் அப்படித் தோன்றுவது இயல்பே. ஆனால் அவர் கேட்பதில் இரண்டு காரியங்கள் கலந்திருக்கின்றன. ஒன்றை அரசு செய்தே தீர வேண்டும். மற்றொன்றில் அரசு கை வைத்தால் விழாவே கெட்டுவிடும் என்று கருதுகிறேன்.

வெளியூர் வாசகர்களுக்காகச் சிறிது விளக்குகிறேன். காணும் பொங்கல் முடிந்து ஒரு நாள் விட்டு, தை 5-ஆம் நாள், தென்பெண்ணையின் கரை நெடுகிலும் இந்த விழா நடக்கிறது. கடலூரில் ஆல்பேட்டை, மஞ்சக்குப்பம் பக்கத்து மணலில் கூடுகிறார்கள்; மேற்கே கண்டரக்கோட்டையில் கூடுகிறார்கள்; விழுப்புரம் பக்கம் பிடாகத்திலும் பேரங்கியூரிலும், புதுச்சேரி எல்லைக்குள் பாகூரை அடுத்த சோரியாங்குப்பத்திலும் கூடுகிறார்கள். மணலூர்பேட்டைக்குத் திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையாரே தீர்த்தவாரிக்கு எழுந்தருளுகிறார். ஆக, ஒரே நாளில் ஓர் ஆற்றின் கரையில் நடக்கும் இந்த விழா மூன்று மாவட்டங்களிலும் ஒரு யூனியன் பிரதேசத்திலும் பரந்து கிடக்கிறது. இத்தனை எல்லைகளையும் ஒருசேர ஆளும் அலுவலகம் எதுவும் இங்கே இல்லை. அப்படியிருந்தும் நாளில் குழப்பம் வந்ததில்லை. இடத்திலும் குழப்பம் வந்ததில்லை.

சாமிகள் வருகிற விதத்தையே எடுத்துக்கொள்வோம். முன்பெல்லாம் சுற்று வட்டாரத்து ஊர்களிலிருந்து தோளில் சுமந்து வந்தார்கள். இப்போது பெரும்பாலும் டிராக்டர் டிப்பரிலோ மினி லாரியிலோ குடை பிடித்து, பின்னால் ஜெனரேட்டர் கட்டி, சீரியல் விளக்கு எரிய வருகிறார்கள். தோளிலிருந்து டிராக்டருக்கு மாறும்படி எந்த ஆகமமும் சொல்லவில்லை, எந்த அதிகாரியும் சொல்லவில்லை. தோள் கொடுக்க ஆள் குறைந்தபோது ஓர் ஊர் மாறியது. அதைப் பார்த்த பக்கத்து ஊரும் மாறியது. ஆற்று மணலில் முன்னால் வந்து சேர்ந்த சாமிக்கு முன்னால் தீர்த்தவாரி நடக்கிறது. பின்னால் வந்தது காத்திருக்கிறது. பெரிய கோயில் சாமி வந்து நிற்கும்போது சிறிய ஊர் அம்மன் சற்றே நகர்ந்து இடம் விடுவதும் உண்டு, அதற்காக இரண்டு ஊர் இளைஞர்கள் முறைத்துக்கொள்வதும் உண்டு. பெரியவர் ஒருவர் குறுக்கே வந்து பேசி முடிப்பதும் உண்டு. சக்கரம் மணலில் புதைந்துவிட்டால் எந்த ஊர் வண்டி என்று பார்க்காமல் தள்ளுகிறார்கள். இதை ஒழுங்கின்மை என்று சொல்லுகிறவர்கள் ஒரு மணி நேரம் அங்கே நின்று பார்த்ததில்லை என்றே நினைக்கிறேன்.

அடுத்தது கிழங்கு. ஆற்றுத் திருவிழா என்றால் சுருளிக்கிழங்கு. சாலையோரம் சாக்கு விரித்துக் குவித்து வைத்திருப்பார்கள்; விழாவுக்கு வந்தவர்கள் வாங்கிப் பையில் கட்டிக்கொண்டு போய், வீட்டில் உப்புப் போட்டு அவித்து, தோலை உரித்துத் தின்பார்கள். மற்ற நாள்களில் உழவர் சந்தையில் தேடினாலும் எளிதில் அகப்படாத கிழங்கு அது. தை 5-க்கு விற்க வேண்டுமானால் பல மாதங்களுக்கு முன்பே மண்ணில் ஊன்றியாக வேண்டும். எங்கோ ஒரு மேட்டு நிலத்தில் அதை ஊன்றுகிற விவசாயிக்கு யாரும் ஆணை கொடுக்கவில்லை. கொள்முதல் விலை அறிவிக்கவில்லை. தான் முகம் அறியாத ஆயிரக்கணக்கானோர் அந்த நாளில் வந்து அந்தக் கிழங்கைத்தான் கேட்பார்கள் என்ற நம்பிக்கை ஒன்றே அவருக்குப் போதுமானதாக இருக்கிறது. வாங்குகிறவர்களுக்கும் அவரைத் தெரியாது. ராட்டினக்காரருக்கும், பலூன் விற்பவருக்கும், முதல் நாள் இரவே புளியைக் கரைத்து வைத்துக் கட்டுச்சோற்றுக்கு ஆயத்தமாகிற வீட்டுப் பெண்ணுக்கும் இதே கதைதான்.

சமூகத்தின் வழக்கங்களில் பல, மனிதர்களின் செயலால் விளைந்தவையே அன்றி எந்த ஒரு மனிதரின் திட்டத்தாலும் விளைந்தவை அல்ல என்று 18-ஆம் நூற்றாண்டிலேயே ஸ்காட்லாந்து அறிஞர் ஆடம் ஃபெர்குசன் எழுதினார். 1974-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற ஃபிரெட்ரிக் ஹாயெக் இந்தக் கருத்தை விரித்து, ஒரு சமூகம் இயங்கத் தேவையான அறிவு எந்த ஓரிடத்திலும் முழுமையாகத் திரண்டு இருப்பதில்லை, அது எண்ணற்றோரிடம் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கிறது, ஆகவே எவ்வளவு திறமையான குழுவாலும் அதை முழுவதும் சேகரித்துத் திட்டமிட முடியாது என்று வாதிட்டார். அவர் பெரும்பாலும் விலையையும் சந்தையையும் பற்றிப் பேசினார். பண்டிகைகளுக்கு இது இன்னும் கூடுதலாகவே பொருந்தும் என்பது என் எண்ணம். ஆயுத பூசையில் வாளும் ஏரும் இருந்த இடத்தில் இன்று கணினிக்கும் ஜேசிபி இயந்திரத்துக்கும் சந்தனம் குங்குமம் வைக்கிறோம். எந்த மடத்திலிருந்து அனுமதி வாங்கினோம்?

திட்டமிடுகிறவர்களுக்கு இந்தச் சிதறிய அறிவு எட்டாமல் போவது கற்பனை அன்று. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீபாவளிக்கு இரவு 8 மணி முதல் 10 மணி வரை மட்டுமே பட்டாசு வெடிக்கலாம் என்று நாடு முழுமைக்கும் ஆணையிட்டது. காற்று மாசு என்ற காரணம் நியாயமானதே. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் வட மாநிலங்களில் தீபாவளி மாலையில் விளக்கேற்றிக் கொண்டாடும் பண்டிகை. நமக்கோ அது விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, புத்தாடை உடுத்தி, இலேகியம் தின்று, சூரியன் உதிக்கும் முன் முதல் சரம் கொளுத்துகிற பண்டிகை. இது கடலூரில் எந்தத் தெருவில் எந்தச் சிறுவனைக் கேட்டாலும் சொல்லக்கூடிய செய்தி. தில்லியில் எழுதிய ஆணைக்கு அது எட்டவில்லை. தமிழ்நாடு அரசு முறையிட்ட பின்னர், இரண்டு மணி நேரத்துக்கு மிகாமல் நேரத்தை மாற்றிக்கொள்ளலாம் என்று அந்த மாத இறுதியிலேயே நீதிமன்றம் ஆணையைத் திருத்தியது. காலை 6 முதல் 7 வரை, இரவு 7 முதல் 8 வரை என்று மாநில அரசு நேரம் குறித்தது. சரத்தை முன்னிரவிலேயே பிரித்து வைத்துக்கொண்டு நான்கு மணிக்கு எழுகிற பிள்ளைகள் ஆறு மணிக்கு முன் என்ன செய்கிறார்கள் என்பதை வாசகர்கள் தத்தம் தெருவிலேயே கேட்டிருப்பார்கள்.

பன்னீர்க் கரும்பின் கதை இதைவிட நமக்கு நெருக்கமானது, இதைவிடச் சிக்கலானதும்கூட. பொங்கலுக்கு வாசலில் சாத்துகிற செங்கரும்பைக் கடலூர் மாவட்டத்தில் குள்ளஞ்சாவடி உள்ளிட்ட பல ஊர்களில் பயிரிடுகிறார்கள். ஒரு காலத்தில் இந்த விவசாயி பார்த்தது வியாபாரியின் முகத்தையும் சந்தையின் போக்கையும். நியாய விலைக் கடைப் பொங்கல் பரிசுத் தொகுப்பில் கரும்பு சேர்ந்த பிறகு அவர் கண் தலைமைச் செயலகத்தின் அறிவிப்பை நோக்கித் திரும்பியது. 2022 டிசம்பரில் பச்சரிசி, சர்க்கரை, 1,000 ரூபாய் என்று தொகுப்பு அறிவிக்கப்பட்டபோது அதில் கரும்பு இல்லை. அரசு வாங்கும் என்று நம்பிப் பயிரிட்டிருந்தவர்கள் வயலில் நின்ற கரும்பைக் காட்டிப் போராட்டத்தில் இறங்கினார்கள். அதன் பிறகே முழுக் கரும்பு ஒன்று தொகுப்பில் சேர்க்கப்பட்டது. 6 அடி உயரம் இருக்க வேண்டும், போக்குவரத்து உட்பட ஒரு கரும்புக்கு 33 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்று விதி வந்தது. ஏழை வீட்டுக்கும் ஒரு கரும்பு போய்ச் சேர்ந்தது நல்லதுதான். அதை மறுக்க மாட்டேன். ஆனால் சுருளிக்கிழங்கு விவசாயிக்கு இல்லாத ஒரு புதிய அச்சம் கரும்பு விவசாயிக்கு மட்டும் எங்கிருந்து வந்தது என்பதையும் நாம் கேட்டுப் பார்க்க வேண்டும்.

ஆணையால் நாளை நகர்த்திப் பார்த்த அனுபவமும் நமக்கு உண்டு. தமிழ்ப் புத்தாண்டு தை முதல் நாளே என்று 2008-இல் சட்டம் வந்தது. 2011-இல் அது நீக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளிலும் சித்திரை முதல் நாளில் மாங்காயும் வேப்பம்பூவும் போட்டுப் பச்சடி செய்த வீடுகள் செய்துகொண்டுதான் இருந்தன. தை முதல் நாளே புத்தாண்டு என்று மனமார ஏற்று வாழ்த்துச் சொன்னவர்கள், சட்டம் போன பிறகும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவரவர் விருப்பம் அது; எது சரி என்ற வழக்கில் நான் நுழையவில்லை. புதுச்சேரியில் நவம்பர் 1-ஆம் நாளை விடுதலை நாளாக அரசு கொண்டாடத் தொடங்கியது 2014-இல். 1954-இல் கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்த வரலாற்றின் தொடர்ச்சி அந்த நாள். அதன் பெருமை குறைவற்றது. ஆயினும் அன்று கொடியேறுகிறதே தவிர அடுப்பில் வடைச்சட்டி ஏறுவதில்லை.

புதுச்சேரியை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களே இந்தப் பாடத்தைத் தம் நாட்டில் படித்திருக்கிறார்கள். புரட்சி அரசு 1793-இல் புதிய நாட்காட்டி ஒன்றை நடைமுறைக்குக் கொண்டுவந்து, ஏழு நாள் வாரத்தை ஒழித்துப் பத்து நாளாக்கி, ஞாயிற்றுக்கிழமையையே இல்லாமல் செய்தது. உழைப்பவர்கள் ஒன்பது நாள் வேலை செய்து பத்தாம் நாள் ஓய்வெடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. கணக்குக்கு எளிதானது, அறிவுக்குப் பொருத்தமானது, எவர் மனத்திலும் ஒட்டாதது. 1806 தொடக்கத்தில் நெப்போலியன் அதைக் கைவிட்டு, பழைய நாட்காட்டிக்கே திரும்பினார். 1793-லேயே புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டதால் நாம் தப்பித்தோம். பத்து நாளுக்கு ஒரு வெள்ளிக்கிழமைதான் என்று வீரம்பட்டினத்தில் தண்டோரா போட்டிருந்தால் செங்கழுநீர் அம்மனின் ஆடி வெள்ளித் தேர் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். உண்மையில் அந்தத் தேர் விஷயத்தில் பிரெஞ்சு அரசு நடந்துகொண்ட முறை மெச்சத்தக்கது. கவர்னர் வந்து வடம் தொட்டுத் தொடங்கி வைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். இன்று துணைநிலை ஆளுநரும் அதையே செய்கிறார். வடம் பிடிப்பது அவர் கை; தேரின் நாளையும் போக்கையும் அந்தக் கை தொடுவதில்லை.

பழைய வழக்கங்களைப் பற்றியே பேசுகிறேன் என்று எண்ண வேண்டாம். நம் கண்ணெதிரே பிறந்த வழக்கம் ஒன்றும் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 காலையில் கடலூர் மாவட்டக் கரையில் 600-க்கும் மேற்பட்டோரைக் கடல் கொண்டுபோனது. அதன் பின் ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் தேவனாம்பட்டினத்திலும் சிங்காரத்தோப்பிலும் சோனாங்குப்பத்திலும் பெண்கள் பால் குடம் ஏந்திக் கரைக்கு வருகிறார்கள். கடலில் பால் ஊற்றுகிறார்கள், பூத் தூவுகிறார்கள், உடலே கிடைக்காமல் போனவர்களின் பெயரைச் சொல்லி அழுகிறார்கள். பல குப்பங்களில் அன்று படகு இறக்குவதில்லை. இதற்கு மூலம் எங்கே இருக்கிறது என்று பார்த்தால், இறந்தவரைப் புதைத்த இடத்தில் மறுநாள் பால் தெளிக்கும் நம் பழைய சடங்கில் இருக்கிறது. புதைத்த இடம் என்று ஒன்று இல்லாதவர்களுக்குக் கடலே அந்த இடமாயிற்று. இப்படிச் செய்யுங்கள் என்று சுற்றறிக்கை அனுப்பும் அறிவு எந்த அலுவலகத்துக்கும் இருந்திருக்க முடியாது. இப்போது அதிகாரிகளும் கட்சிக்காரர்களும் வந்து மலர்வளையம் வைக்கிறார்கள். அவர்கள் பின்னால் வந்து சேர்ந்துகொண்டவர்கள்.

எல்லா விழாவும் இப்படித் தானாக முளைத்தது என்று நான் சாதிக்கவில்லை. வடலூரில் ஞான சபையை நிறுவி 1872-ஆம் ஆண்டு தைப்பூசத்தில் வழிபாட்டைத் தொடங்கி வைத்தவர் வள்ளலார். அது ஒருவருடைய தெளிவான திட்டம். ஆனால் அந்தப் பூசத்துக்கு மூட்டை மூட்டையாக அரிசியும் காய்கறியும் வந்து சேர்வதும், வழிநெடுக முன்பின் அறியாதவர்கள் பந்தல் போட்டு அன்னம் இடுவதும் அவரைப் பின்பற்றியோர் தாமாகச் செய்துகொண்டவை. தைப்பூசத்துக்குத் தமிழ்நாடு அரசு பொது விடுமுறை அறிவித்தது 2021-இல். ஜோதி பார்க்க மக்கள் நடக்கத் தொடங்கி ஒன்றரை நூற்றாண்டு ஆன பிறகு. விநாயகர் சதுர்த்தியிலோ இரண்டு வகையையும் ஒரே நாளில் காணலாம். பெரிய சிலைகளை லாரியில் ஏற்றி ஊர்வலமாகக் கொண்டுபோய்க் கடலில் கரைப்பது, 1893 முதல் புனேயில் திலகர் முனைந்து வளர்த்த பொதுவிழாவின் வழியில் அமைப்புகளும் குழுக்களும் சேர்ந்து நடத்துவது. அதே நாளில் குன்றிமணிக் கண் வைத்த களிமண் பிள்ளையாரை வாங்கி, வண்ணக் காகிதக் குடை செருகி, எருக்கம்பூ மாலை போட்டு, மூன்றாம் நாள் கிணற்றில் விடுகிற வீடுகளுக்குக் குழுவும் இல்லை, தலைவரும் இல்லை. எதற்குக் காவல்துறை பந்தோபஸ்து தேவைப்படுகிறது என்பதை வாசகர்களே அறிவார்கள்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. அதை ஒளிக்கக் கூடாது. தானாக உருவான வழக்கம் என்பதாலேயே அது நியாயமான வழக்கம் ஆகிவிடாது. யார் தேர்வடம் தொடலாம், எந்தத் தெரு வழியே சாமி போகும், எந்தத் தெரு வழியே போகாது என்பவையும் இப்படித்தான் யாரும் எழுதாமலே உருவாயின. தலைமுறை தலைமுறையாக ஒரு பகுதி மக்களை வெளியே நிறுத்தின. அவை தாமாக மாறட்டும் என்று காத்திருந்தால் இன்னும் காத்திருக்க வேண்டியிருந்திருக்கும். 1947-இல் சென்னை மாகாணத்தில் ஆலய நுழைவுச் சட்டம் வந்ததற்கு அதுவே காரணம். இத்தகைய இடத்தில் அரசு குறுக்கிடுவதை நான் முழு மனத்தோடு ஏற்கிறேன். போதுமான அளவு குறுக்கிடுவதில்லை என்பதுகூட என் குறை. ஒருவரை விழாவிலிருந்து விலக்குகிறவர்களைத் தடுப்பது சட்டத்தின் வேலை. விழாவை எப்படிக் கொண்டாடுவது என்று வந்தவர்களுக்கு எல்லாம் வகுத்துச் சொல்வது வேறு வேலை. தொற்றுக் காலத்தில் கூட்டம் கூடக் கூடாது என்று தடுத்ததும் முதல் வகையைச் சேர்ந்தது. அந்தத் தடை நீங்கியதும் யாரும் அழைப்பிதழ் அச்சிடாமலே ஆற்றில் மக்கள் மீண்டும் கூடினார்கள்.

ஆகையால் குழு வேண்டும் என்று கேட்ட வாசகரிடமும், மாவட்ட நிர்வாகத்திடமும் என் வேண்டுகோள் இதுதான். தீர்த்தவாரிக்கு மணிக்கணக்கு வகுக்க வேண்டாம், கிழங்குக் கடைகளை ஏலத்துக்கு விட்டு ஒரே ஒப்பந்ததாரர் கையில் கொடுக்க வேண்டாம், மேடையும் வேண்டாம். அந்தப் பணத்தில் பெண்களுக்குத் தற்காலிகக் கழிப்பறைகளை ஆற்றின் இரு கரையிலும் அமைத்து, அவற்றில் மாலை வரை தண்ணீர் இருக்கும்படி ஆள் போடுங்கள். குழந்தைகளின் கையில் கட்ட, தொலைபேசி எண் எழுதிய பட்டைகளைக் காவல்துறை பாலத்தின் முகப்பிலேயே கொடுக்கலாம். எல்லாவற்றுக்கும் முன்பாக ஆற்றின் பள்ளங்கள். 2024 டிசம்பரில் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1,68,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டபோது ஏற்பட்ட பெருவெள்ளம் தென்பெண்ணையை எப்படிப் புரட்டிப் போட்டது என்பதை நாம் பார்த்தோம். அதற்கு முன்பே மணல் அள்ளிய குழிகள் அங்கங்கே இருந்தன. மேலே முழங்கால் அளவு தண்ணீராகத் தெரிகிற இடத்தில் இரண்டு ஆள் ஆழம் இருக்கக்கூடும். ஆண்டுக்கு ஒரு முறை ஆற்றுக்கு வருகிறவர்களால் அதைக் கண்டறிய முடியாது. நீர்வளத் துறை மார்கழி முடிவதற்குள் அந்தக் குழிகளை அளந்து, மூங்கில் நட்டுச் சிவப்புத் துணி கட்டி, தீயணைப்பு வீரர்களையும் நீச்சல் தெரிந்த உள்ளூர் மீனவ இளைஞர்களையும் கூலி கொடுத்து அங்கே நிறுத்த வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.